மேலே போன பொதியில் என் சிவப்பு நூல்

ஒரு சாக்கு ஊசி, ஒரு உருண்டை நூல். இவற்றோடு கொழும்பில் காலி வீதி ஓரத்தில் குந்திய நான் வெள்ளவத்தையில் சொந்தக் கடை கட்டினேன். கட்டினேன் என்றால் கட்டினேன்தான், வாடகைக்கு எடுக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா, ஒரே தண்ணீர்க் குழாய்க்கு எல்லாக் குடும்பமும் வரிசை நின்ற கொட்டாஞ்சேனைத் தோட்டத்து அறையில் செத்தார். அந்தத் தோட்டத்துக்கு நேர் எதிரே மாடிக்கு மேல் மாடி வைத்து வீடு கட்டினேன். தங்கச்சிமாரைக் கரை சேர்த்தேன். மாதா கோயில் திருநாளுக்கு வாசல் பந்தல் என் செலவில்தான் எழும்புகிறது, இன்றைக்கும். காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டுகிற மெஷினை வெள்ளவத்தைக்கு முதன்முதல் கொண்டுவந்தவன் நான். இப்போது ஒவ்வொரு சந்திலும், ஒழுங்கைக்கு ஒன்று இருக்கிறது. வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் என்னிடம் சம்பளத்துக்கு நின்றவர்கள்.

சோதனைச் சாவடிக் காலத்தில் தமிழன் கையில் கட்டிய பெட்டி இருந்தாலே சந்தேகம். "அரின்ன", திற என்று சிங்களத்தில் சொல்வார்கள். திறப்பேன். குத்திப் பார்ப்பார்கள். அவர்கள் கண்முன்னாலேயே திரும்பவும் கட்டுவேன். நான் கட்டுகிற வேகத்தைப் பார்த்து ஒரு ஆமிக்காரன் தன் வீட்டுச் சாமானையும் கட்டித்தரச் சொன்னான். பிறகு கொரோனா வந்து விமான நிலையத்தையே பூட்டியது. என் கடையைப் பூட்ட முடியவில்லை. பிறகு பெட்ரோல் இல்லை, கரண்ட் இல்லை. மெஷின் ஓடாவிட்டால் என்ன, கை ஓடியது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் அப்பாவோடு துறைமுகத்தில். இதை எழுதுகிறபோது எழுத்துப் பிழையை மருமகள் திருத்தினாள். கருத்தைத் திருத்த நான் விடவில்லை.

இவ்வளவையும் முன்னுக்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில், நிறைந்த சபையில், ஒரு மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னை ஒன்றும் விளங்காதவன் என்று சொன்னார். நான் நாலாவது வரிசையில் இருந்தேன். சனம் சிரித்தது. சொன்னவர் காசு கட்டி ராக்கெட்டில் விண்வெளிக்குப் போய் வந்தவர். அந்த வார்த்தையை அவர் திருப்பி எடுக்கவேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். பெயர்கள் போடவில்லை. அவர் பெயரைப் போட்டால் அவருக்கு இன்னும் கொஞ்சம் விளம்பரம், அது எதற்கு?

என் தொழிலைத் தெரியாதவர்களுக்கு: வெளிநாடு போகிறவர்களின் பொதியைக் கட்டிக்கொடுப்பது. மிளகாய்த்தூள், கருவாடு, காய்ந்த பனங்கிழங்கு ஒடியல், ஊறுகாய். தூள் சிந்தக்கூடாது, வாசம் வெளியே வரக்கூடாது, எண்ணெய் கசியக்கூடாது. கட்டி முடித்த பிறகு கடைசி மூலையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுவேன். லண்டனில் பெல்ட்டில் பெட்டி சுற்றி வரும்போது தூரத்திலேயே தெரியும். அது என் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தத் தொழிலின் பாரம் கட்டுவதில் இல்லை. வேறு ஒன்றில் இருக்கிறது.

எங்கள் சனத்தில் ஒருவர் பயணம் போகிறார் என்று கேள்விப்பட்டால் போதும். சொந்தக்காரர் எல்லோரும் ஆளுக்கொரு பார்சலோடு வந்துவிடுவார்கள். ஒன்றுவிட்ட சித்தியின் மருமகனுக்கு ஒரு கிலோ மிளகாய்த்தூள். அவர் இருப்பது இன்னொரு நாடு, பரவாயில்லை, தபாலில் போட்டுவிடட்டும். வேண்டாம் என்று பயணகாரர் சொல்ல முடியாது. சொன்னால் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு இனிப் போக முடியாது. ஆகவே அவர் எல்லோருக்கும் முன்னால், "வையுங்கோ, வையுங்கோ, நான் கொண்டுபோறன்" என்பார். பின்னேரம் எனக்குப் போன் வரும். "அண்ணை, அந்தத் தூளையும் கருவாட்டையும் எடுத்துவிடுங்கோ. நீங்கள் எடுத்ததாவே இருக்கட்டும்."

என் தராசின் முகம் என் பக்கம்தான் பார்த்திருக்கும். கிலோ கூடிப்போய்விட்டது என்று நான் சொல்வேன். பார்சல்காரர் பயணகாரரைத் திட்டமாட்டார், என்னைத் திட்டுவார். வெள்ளவத்தையில் பாதிக் குடும்பம் இன்னும் பிரியாமல் இருப்பது என்னால். மிச்சப் பாதி என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, அதுவும் அதே காரணத்தால். நான் அதற்குக் கவலைப்பட்டதில்லை. ஒரேயொரு கட்டுப்பாடுதான். பழியை என் தலையில் இறக்கிவைத்தவர் பிறகு மற்றவர்களோடு சேர்ந்து நின்று என்னைத் திட்டக்கூடாது. வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். இத்தனை வருடத்தில் கள்ளப் பாஸ்போர்ட்டில் போனவன்கூட அந்தக் கட்டுப்பாட்டை மீறியதில்லை.

விண்வெளிக்காரர் மீறினார்.

அவருடைய அக்கா கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். படிப்பித்து ஓய்வு பெற்றவர். நான் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். தம்பியை வளர்த்தது அவர். பையன் வெளிநாட்டுக்குப் புறப்பட்டபோது முதல் சூட்கேஸைக் கட்டியது நான். அங்கே போய்க் கம்ப்யூட்டரில் ஏதோ செய்து, பெரும் பணக்காரர் ஆனார். நல்லது. ஒருவன் முன்னேறினால் எனக்கு வயிறு எரியாது. நானும் முன்னேறியவன்தான்.

ஒரு நாள் ரீச்சர் கடைக்கு வந்தார்.

"அண்ணை, தம்பி விண்வெளிக்குப் போறான்."

"எங்க?"

"மேல. ராக்கெட்டில."

"வேலைக்கோ?"

"இல்லை, சும்மா. சுத்திப் பாக்க. டிக்கெட் எடுத்திட்டான்."

"அங்க பாக்கிறதுக்கு என்ன ரீச்சர் இருக்கு?"

ரீச்சர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்டும் இல்லையாம். அதைத்தான் பாக்கப் போறானாம்."

விமான நிலையத்துக்கு என் பெட்டிகளை ஏற்றிப்போகிற மட்டக்குளி ஆட்டோக்காரன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நாம எல்லாம் மேல சும்மாவே போவோம் மொதலாளி. துறைமுகத்து ரோட்டுல கன்டெய்னர் லொறிக்கு முன்னால நின்னாப் போதும். டிக்கெட் வேணாம்" என்றான். ரீச்சர் முகத்தைச் சுளித்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பிறகு விசாரித்தேன். இப்போது வெள்ளைக்காரத் தனவந்தர்கள் ராக்கெட்டை பஸ் மாதிரி நடத்துகிறார்களாம். அரசாங்கம் வேண்டாம், விஞ்ஞானி வேண்டாம், காசைக் கட்டினால் சீட். முன்னே எல்லாம் விண்வெளிக்குப் போகிறவன் வருடக்கணக்கில் பாடுபட்டுப் போனான், அவனுக்கு நான் தலை வணங்குவேன். இவர்களோ சில நாள் வகுப்பு, ஒரு நீலச் சட்டை, ஒரு படப்பிடிப்பு. டிக்கெட் காசுக்கு எங்கள் ஒழுங்கையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை வீடுகளை வாங்கிவிடலாம். அந்தக் காசுக்கு நேராக மேலே போய், உடம்பு பாரம் இல்லாமல் கொஞ்சம் மிதந்து, நேராகக் கீழே விழவேண்டும். எழும்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறார்கள். இரத்மலானைக்கு டிக்கெட் எடுத்தவனை ஏறிய தரிப்பிலேயே இறக்கிவிட்டால் கண்டக்டரை அடிக்கப் போவான். இவர்கள் கைதட்டுகிறார்கள்.

பொதி கட்டுகிறவன் கண்ணுக்குப் பயணம் என்றால் அந்தப் பக்கம் ஒருவர் காத்து நிற்கவேண்டும். கம்பிக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்க்கவேண்டும். பெட்டி போய்ச் சேர்ந்தது, பிள்ளை அவித்துச் சாப்பிட்டான் என்று போன் வரவேண்டும். இவர்கள் போகிற இடத்தில் பெட்டியை வாங்க யார் நிற்கிறார்கள்? அட்ரஸே இல்லாத இடத்துக்குப் போவதை நான் பயணம் என்று எண்ணமாட்டேன். குடைராட்டினம் என்று எண்ணுவேன்.

ஆனால் எங்கள் சனம் அப்படி எண்ணவில்லை. பயணம் என்ற சொல் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அவர் புறப்படுவதற்கு முன் கொழும்புக்கு வந்தார். அக்காவின் வீட்டில் தங்கவில்லை, காலிமுகத் திடல் பக்கம் நட்சத்திர ஹோட்டல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் எல்லோரையும் சந்திப்பதாக ஏற்பாடு. ரீச்சர் என்னையும் வரச் சொன்னார். போனால், செருப்பு வைக்க இடம் இல்லை. ஆளுக்கொரு பார்சல்! லண்டனுக்குப் போகிறவரிடம் கொடுப்பது போலவே, அதே பேப்பர் சுற்றல், அதே ரப்பர் வளையம்.

ஒரு மாமி விபூதி டப்பா. ஒருவர் கதிர்காமத் தீர்த்தம், சோடாப் போத்தலில். கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சம்பந்தி வீட்டார் அந்தோனியார் சுரூபம். ஒருவர் மகனின் சாதகக் குறிப்பு. ஒரு அம்மா முறுக்கு டின்னே கொண்டுவந்துவிட்டார்.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"றைவருக்கு" என்றார். "பாவம், அவரும் மனுசன்தானே. எங்கட பிள்ளையைப் பத்திரமாக் கொண்டுபோறவர்."

"அதில றைவர் இல்லை அம்மா. தன்ர பாட்டில ஓடுறதாம்."

"றைவர் இல்லாத வண்டியில ஏனப்பா ஏறுறான்?"

இவ்வளவு காலத்தில் அந்த ராக்கெட்டைப் பற்றி ஒருவர் கேட்ட புத்தியான கேள்வி அது ஒன்றுதான்.

கடைசியாக அவருடைய மச்சாள் முறையான பெண் வந்தாள். அவள் கையில் மகளின் பாஸ்போர்ட் அளவுப் படம். பிள்ளைக்கு எந்த நாட்டுக்குப் போட்டாலும் விசா மறுக்கிறார்களாம். "எல்லைக்கோடு இல்லாத இடத்துக்குப் போய் வந்தா தடை கழியும் எண்டு ஐயர் சொன்னவர். ஒரு படம்தான் அத்தான். உங்கட பொக்கற்றுக்குள்ள வைச்சாலும் காணும்."

"கட்டாயம் மச்சாள்" என்றார் அவர். சத்தமாக, எல்லோருக்கும் கேட்க. "எல்லாத்தையும் கொண்டுபோறன். உங்கள் எல்லாரையும் என்னோட மேல கொண்டுபோறன். அண்ணையிட்டக் குடுங்கோ, அவர் எப்பிடியும் அடக்கிப்போடுவார்." முறுக்குக்கார அம்மா கண்ணைத் துடைத்தார்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியில் இறங்கும்போது என் தோளில் கை போட்டார். வாசனைத் தைலம் கமகமத்தது.

"அண்ணை, உள்ளங்கை அளவில ஒரு பைதான் விடுவினம். தூள் கூடாது, தண்ணி கூடாது, கழண்டு மிதக்கிறது ஒண்டும் கூடாது. உங்களுக்குத் தெரியும்தானே, வழக்கம்போல..."

"நான் எடுத்ததாச் சொல்லவோ?"

"நீங்கள்தான் அண்ணை அதுக்குச் சரி."

சரி என்றேன். தொழில் அது.

அடுத்த நாள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். தீர்த்தம் சரிவராது, தூள் சரிவராது, முறுக்கு சரிவரவே வராது. அந்தப் படம் மட்டும் என் கையில் நின்றது. ஒரு கடதாசித் துண்டு. எந்தத் தராசு அதைக் காட்டும்? பைக்குள் தட்டையாகப் படுத்துவிடும். ஹோட்டலுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, மச்சாளின்ர படம் போகும். நான் அளந்து பாத்திட்டன்."

"வேண்டாம் அண்ணை. ஒராளின்ரையை எடுத்தா மற்ற ஆக்கள் என்ன எண்டு கேப்பினம். ஒண்டும் வேண்டாம்."

"ஒரு பிள்ளையின்ர அலுவல் தம்பி."

"எனக்கும் விளங்குது. நீங்களே சொல்லிப்போடுங்கோ."

மச்சாள் கடைக்கு வந்தாள். படத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"ஒரு படம் அண்ணை. இதில என்ன கிலோ?"

"கொம்பனிக்காரர் வலு கண்டிப்பு. நான்தான் வேண்டாம் எண்டு எடுத்தனான்."

"நீங்களோ? அத்தான் ஓம் எண்டு என்ர முகத்துக்கு நேர சொன்னவர். அவர் ஓம் எண்டதை மறுக்க நீங்கள் ஆர்?" கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்கட பிள்ளையள் எல்லாம் நல்லா இருக்குதுகள்தானே. மற்றப் பிள்ளை வழி இல்லாமல் நிண்டா உங்களுக்கு என்ன!"

படத்தைப் பறித்துக்கொண்டு போனாள். நான் நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்துக்கொண்டே இருந்தேன், ஊசிக் காதுக்குள் போகவில்லை. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

ஞாயிறன்று ஒன்றும் கொடுக்காத ஒரே ஆள் ரீச்சர். அவர் தனியாகக் கடைக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தார். உப்புத் தேசிக்காய், அதாவது உப்பில் போட்ட எலுமிச்சை. வெயிலில் காய்ந்து கல்லு மாதிரி கறுத்தது.

"அண்ணை, இதில ஒரு துண்டை எப்பிடியாவது வைச்சுவிடுங்கோ. உங்களுக்கு ஞாபகம் இருக்கே? இவனைக் கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில கூட்டிக்கொண்டு போனா, கொள்ளுப்பிட்டி தாண்ட முதல் சத்தி எடுப்பான்."

எனக்கு ஞாபகம் இருந்தது. முதல் சூட்கேஸ் கட்ட வந்த அன்றும் பஸ்ஸால் இறங்கி, என் கடை வடிகான் ஓரம் சத்தி எடுக்கக் குந்தியவர்தான். கொட்டாஞ்சேனை பஸ்ஸைத் தாங்காத வயிறு ராக்கெட்டில் ஏறப்போகிறது!

அவரிடம் கேட்டேன். போனில் நாணிச் சிரித்தார். பிறகு கொம்பனியைக் கேட்டுவிட்டு அவரே திரும்ப எடுத்தார். நன்றாக ஒட்டி மூடியிருந்தால் ஒரு மிட்டாய் அளவு விடுவார்களாம். "வையுங்கோ அண்ணை. ஆனா ஆருக்கும் சொல்லாதேங்கோ, என்ன?"

ஆக, பிள்ளையின் படம் போகக்கூடாது, தேசிக்காய்த் துண்டு போகலாம். அது அவருடைய தீர்ப்பு. என்னுடையது அல்ல.

பையை நான் தைத்தேன். கொம்பனி அளவு மட்டும்தான் அனுப்பியிருந்தது. புறக்கோட்டையில் குடை திருத்துகிறவரிடம் கறுப்புக் குடைத்துணி வாங்கினேன். குடைத்துணியில் வாசம் ஊறாது. இது புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா எனக்குத் தெரியாது, என் மூக்குக்குத் தெரியும். தேசிக்காயைச் சீவி, மெஷினில் தட்டையாக ஒட்டி, உள்ளே வைத்து, இரட்டைத் தையல் போட்டேன். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் திறக்கிற மாதிரி விட்டேன். சத்தி வருகிறவன் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. கடைசி மூலையில் சிவப்பு நூல்.

ராக்கெட் எழும்பியது எங்களுக்குப் பின்னேரம். ரீச்சர் வீட்டில் பேரப்பிள்ளை முறையான யாரோ போனிலிருந்து ரி.வி.க்கு இணைத்து எல்லோருக்கும் காட்டினார்கள். ஒரு பாலைவனம். நடுவில் வெள்ளையாக ஒன்று. வெள்ளைக்காரி ஒருத்தி விடாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் சாமிப் படத்தைப் பார்ப்பதா ரி.வி.யைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தார். அவர் தவித்ததை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். தம்பி அல்லவா.

புகை வந்தது. எழும்பியது. புள்ளியானது. எனக்கு ஊற்றிய பிளேன்ரீ இன்னும் வாய் வைக்க முடியாத சூடு. ஊதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் குடை விரித்துக்கொண்டு இறங்குகிறது.

"ஏதும் பிழைச்சுப்போச்சுதோ? ஏன் திரும்பி வாறாங்கள்?" என்று முறுக்கு அம்மா பதறினார்.

"இல்லை அம்மா. முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"பயணம்."

"உதுக்கே இவ்வளவு?" என்றார் அம்மா. எழும்பி இடியப்பம் அவிக்கப் போய்விட்டார். அவருக்கு ஒரு சலாம்.

சில வாரம் கழித்து பம்பலப்பிட்டி மண்டபத்தில் பாராட்டு விழா. மாலை, மேளம், பொன்னாடை. வேர்த்துக் கொட்டுகிற கொழும்பில் அவர் அந்த நீல முழுச்சட்டையோடு மேடை ஏறினார். மேலிருந்து பார்த்தால் எல்லைகள் தெரியவில்லை என்றார். மனிதர் எல்லோரும் ஒன்று என்று விளங்கியது என்றார். சாவடியில் பெட்டி திறந்து காட்டிய எங்களுக்கு எல்லை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். அதை மறக்க மேலே போகவேண்டும், அவ்வளவு காசும் வேண்டும். சரி, பேசட்டும் என்று இருந்தேன். பயிற்சி பற்றிச் சொன்னார். மூச்சை எப்படி இழுப்பது, மனதை எப்படி நிறுத்துவது, அதனால்தான் தனக்குத் தலைசுற்றல்கூட வரவில்லை என்று. தேசிக்காய் பற்றி ஒரு சொல் இல்லை. அதையும் விட்டேன்.

கேள்வி நேரம். மச்சாள் எழும்பினாள்.

"அத்தான், என்ர பிள்ளையின்ர படத்தைக் கொண்டுபோறன் எண்டனீங்கள். ஏன் கொண்டுபோகேல்லை?"

அவர் சொல்லியிருக்கவேண்டியது ஒன்றுதான்: கிலோ கூடிப்போச்சு மச்சாள். அந்த வாக்கியம்தான் எங்கள் சனத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அவருக்கு அது போதவில்லை. தான் நல்லவராகவும் இருக்கவேண்டும்.

"மச்சாள், நான் எல்லாத்தையும் கொண்டுபோகத்தான் குடுத்தனான். பொதி கட்டின கடைக்காரர் தன்ர பாட்டில எடுத்துப்போட்டார். நான் அங்க போய்த்தான் பாத்தன், பை வெறும் பை. என்ன செய்யிறது, அவருக்கு உதுகள் விளங்காது. மிளகாய்த்தூள் கட்டுற ஆள்தானே."

சனம் சிரித்தது. யாரோ "ச்சா" என்றார்கள். மச்சாள் திரும்பி என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். நான் எழும்பவில்லை. எழும்பிக் கத்தியிருந்தால் அந்த நீலச் சட்டைக்கு முன்னால் சாரம் கட்டியவன் சண்டை பிடித்தான் என்றுதான் கதை போயிருக்கும். சனத்தை எனக்குத் தெரியும்.

அடுத்த கிழமை இரண்டு குடும்பம் பொதியைப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்சலை என் பாட்டில் எடுத்துவிடுகிறவனாம். எடுத்துவிட்டு என்ன செய்கிறேன் என்று யாருக்குத் தெரியும் என்றும் ஒரு கதை. என் வாழ்நாளில் எடுத்த பார்சல் ஒவ்வொன்றையும் உரியவர் கையில் திருப்பிக் கொடுத்தவன் நான். என்னைக் கள்ளன் என்று சொல்லாமல் சொல்கிறார்கள்.

விண்வெளிக்காரருக்குப் போன் எடுத்தேன். யாரோ ஒரு பெண் எடுத்து, எழுத்தில் அனுப்பச் சொன்னாள். ரீச்சரைக் கொண்டு எடுப்பித்தேன். அப்போது வந்தார்.

"அண்ணை, அது சபையில ஒரு பகிடிக்குச் சொன்னது. மனசில வைக்காதேங்கோ. உங்களுக்கு ஒரு சாமான் அனுப்பிவிடுறன்."

சாமான் வந்தது. ராக்கெட் படம் போட்ட தொப்பி. மட்டக்குளி ஆட்டோக்காரனுக்குக் கொடுத்தேன். மழைக்குப் போடுகிறான். தண்ணீர் உள்ளே போகிறதாம்.

ரீச்சர் கடைக்கு வந்து கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு சொன்னார்: "அவன் எனக்கு அண்டைக்கே சொன்னவன் அண்ணை. எழும்ப முதலே தேசிக்காயை வாய்க்குள்ள வைச்சிட்டானாம். அதாலதான் தப்பினவனாம். பக்கத்தில இருந்த வெள்ளைக்காரர்தான் சத்தி எடுத்தவராம், அது உருண்டை உருண்டையா மிதந்ததாம்."

"உதை ஏன் மேடையில சொல்லேல்லை?"

"அவன்ர மரியாதை அண்ணை..."

"அவற்ற மரியாதை ஒரு துண்டு உப்புத் தேசிக்காயில நிண்டிருக்கு ரீச்சர். என்ர மரியாதையை அதோட சேத்து விழுங்கிப்போட்டார்."

"விடுங்கோ அண்ணை. எனக்காக விடுங்கோ."

ரீச்சருக்காக எவ்வளவோ விட்டிருக்கிறேன். இதையும் விட்டிருப்பேன், விண்வெளிக்காரர் படித்த பள்ளிக்கூடத்துக்கு நான் போகாமல் இருந்திருந்தால். அங்கே படிக்கிற பேத்தியைக் கூட்டிவரப் போனேன். வாசல் மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீலச் சட்டையில் அவர் சிரிக்கிற படம். படத்துக்குக் கீழே என் பை! கறுப்புக் குடைத்துணி, இரட்டைத் தையல், மூலையில் என் சிவப்பு முடிச்சு. பக்கத்தில் அட்டை. பேத்தியை வாசிக்கச் சொன்னேன்: "விண்வெளி சென்ற பை. சிறப்புத் தொழில்நுட்பத் துணியாலானது."

புறக்கோட்டைக் குடைக்காரர் கேட்டால் மயங்கி விழுந்துவிடுவார்.

பேத்தி கேட்டாள்: "இது உங்கட நூல்தானே தாத்தா? ஏன் உங்களைப் போடேல்லை?" பிள்ளைக்குத் தெரிகிறது. பாராட்டு விழா நடத்திய பெரிய மனிதர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். தொப்பி வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அந்த அட்டையை எடுத்துவிட்டு வேறு அட்டை வைக்கவேண்டும். இந்தப் பையை வெள்ளவத்தையில் பொதி கட்டுகிறவர் குடைத்துணியில் தைத்தார் என்று அதில் இருக்கவேண்டும். பைக்குள் அக்கா கொடுத்த உப்புத் தேசிக்காய் போனது, போனவர் சத்தி எடுக்காமல் வந்தது அதனால் என்று இருக்கவேண்டும். அட்டையில் இடம் காணாவிட்டால் அவருடைய சிரிப்பைக் கொஞ்சம் வெட்டலாம்.

இன்னொன்று அட்டையில் வராது, அதை அவர் வாயால் சொல்லவேண்டும். அதே மண்டபம், அதே மைக். மச்சாளை முன்வரிசையில் இருத்தி, உன் பிள்ளையின் படத்தை எடுத்தது நான்தான், கடைக்காரர் வைக்கத்தான் கேட்டார் என்று சொல்லவேண்டும். நீலச் சட்டை போட்டுக்கொண்டு சொன்னாலும் சரி, போடாமல் சொன்னாலும் சரி. நான் வந்து அதே நாலாவது வரிசையில் இருப்பேன்.